போர் அடித்த எஞ்சினும் முதல் பத்து மணி நேரமும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கதைதான். எஞ்சின் பிடித்துவிட்டது, அதாவது பிஸ்டன் சிலிண்டர் சுவரைக் கவ்வி நின்றுபோனது, காசு செலவழித்துச் சரிபார்த்தோம், மறுபடியும் பிடித்துவிட்டது. அதனால் இந்த இதழ் முழுக்க அவுட்போர்டு எஞ்சின்தான், படகுக்கு வெளியே பின்னால் மாட்டுகிற எஞ்சின். நங்கூரக் கயிறு பற்றிக் கேட்டிருந்த தொண்டி வாசகர் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: அண்ணாச்சி, எங்களுடையது 9.9 எச்பி மண்ணெண்ணெய் எஞ்சின், இரண்டு சிலிண்டர், ஒரே கார்புரேட்டர். போன வருஷம் கீழ் சிலிண்டர் பிடித்துக்கொண்டது. மெக்கானிக் அந்த ஒரு சிலிண்டரை மட்டும் போர் அடித்து (உள்சுவரைக் கடைந்து பெரிதாக்கி), புது பிஸ்டனும் ரிங்கும் போட்டு, டிரம்மில் தண்ணீர் நிரப்பி ஒரு மணி நேரம் ஓடவிட்டு, ரன்னிங் (புதுப் பாகங்களைப் பழக்கும் ஓட்டம்) முடிந்தது, தொழிலுக்குப் போகலாம் என்று கொடுத்தார். மூன்றாம் நாள் வலையோடு போனோம், அதே சிலிண்டர் மறுபடியும் பிடித்துவிட்டது. அவர் எங்கள் ஆயில் சரியில்லை என்கிறார், நாங்கள் அவர் போட்ட பிஸ்டன் டூப்ளிகேட் என்கிறோம். எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீர் நன்றாகத்தான் வெளியே துப்பியது. பிஸ்டன் படம் அனுப்பியிருக்கிறேன். யார் மேல் தப்பு? (உவரி வாசகர்)

பதில்: யார் மேல் தப்பு என்று நான் தீர்ப்புச் சொன்னால் அப்புறம் உங்கள் ஊர்ப் பக்கம் வர முடியாது. பிஸ்டன் என்ன சொல்கிறது என்று மட்டும் பார்ப்போம், அது படத்தில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

பிடித்துப்போன பிஸ்டனைக் கழற்றியதும் பழைய இரும்புக்கடைக்குப் போடாதீர்கள். கீறல் எந்தப் பக்கம் என்று பாருங்கள். சுற்றிலும் நாலு இடத்தில் ஒரே மாதிரி கீறியிருந்தால், எஞ்சின் சூடாகும் முன்பே வேகக் கைப்பிடியை முறுக்கியிருக்கிறார்கள், இல்லாவிட்டால் போர் இறுக்கமாக அடிக்கப்பட்டிருக்கிறது. எரிபொருள் உள்ளே வரும் பக்கம் கீறியிருந்தால் முதல் சந்தேகம் ஆயில் மேல். புகை வெளியேறும் பக்கம் கீறி, மேல் விளிம்பு கொஞ்சம் கரைந்த மாதிரி இருந்தால் அது சூடு, அதாவது தண்ணீர் சுற்றவில்லை அல்லது எரிபொருள் குறைந்து காற்று கூடிவிட்டது. இது கோர்ட்டில் நிற்கிற சாட்சி என்று சொல்ல மாட்டேன், ஒன்றோடு ஒன்று கலந்தும் வரும், ஆனாலும் ஆயிலா பிஸ்டனா என்று கத்திக்கொண்டிருப்பதற்கு இது மேல்.

உங்கள் படத்தில் கீறல் எல்லாம் புகை போகும் பக்கம். எதிர்ப் பக்கம் புதுசு போல் இருக்கிறது. ஆயில் கலந்தது குறைவு என்றால் மேல் சிலிண்டரும் அடி வாங்கியிருக்க வேண்டும், ஒரே டேங்க், ஒரே கார்புரேட்டர், அதே கலவைதானே அங்கேயும் போகிறது. பிஸ்டன் டூப்ளிகேட் என்றால், போன வருஷம் பிடித்தது எஞ்சினோடு வந்த பிஸ்டன் ஆயிற்றே, அது ஏன் பிடித்தது? இரண்டு தடவையும் கீழ் சிலிண்டர், இரண்டு தடவையும் சூடு. அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் சொந்தமான ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது, அதைத் தொடாமலே பிஸ்டனை மாற்றியிருக்கிறார்கள். காய்ச்சலுக்குச் சட்டையை மாற்றிய மாதிரி.

நான் முதலில் பார்ப்பது பிஸ்டன் சுழற்றுகிற தண்டான கிராங்க் சாஃப்டின் அடிமுனையில் இருக்கும் ஆயில் சீலை. டூ-ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் கிராங்க் அறை தனித்தனி, கீழ் அறையைக் கீழே இருந்து அடைப்பது இந்த சீல்தான். அதன் ரப்பர் உதடு தேய்ந்துபோனாலோ, சாஃப்டில் துரு ஏறிப் பள்ளம் விழுந்திருந்தாலோ, பிஸ்டன் மேலே ஏறும்போது கார்புரேட்டர் வழியாக மட்டும் வர வேண்டிய காற்று சீல் வழியாகவும் புகுந்துவிடும். சில சமயம் அதோடு புகையும் ஈரமும் சேர்ந்து வரும். அந்த சிலிண்டருக்கு மட்டும் கலவை இளைத்துவிடும். கலவை இளைத்தால் சூடு ஏறும், கலவையில்தான் ஆயிலும் வருகிறது என்பதால் அதுவும் குறையும். நீங்கள் எழுதவில்லை, ஆனால் எஞ்சின் ஐடிலில் (முறுக்காமல் விட்ட மெது ஓட்டத்தில்) நிற்காமல் தானாக ஏறி இறங்கிக்கொண்டிருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். ஆம் என்றால் சந்தேகம் இன்னும் பலப்படும். கார்புரேட்டர் வாயையும் புகைவாயையும் ரப்பர் வைத்து அடைத்து, கைப்பம்பால் லேசாக, மிக லேசாகக் காற்று ஏற்றி, சோப்பு நுரை தடவிப் பார்த்தால் கசிவு எங்கே என்று காட்டிக்கொடுத்துவிடும். அடைப்பதற்கு அரை நாள் போகும். சீல் விலை ஒரு நாள் மண்ணெண்ணெய்ச் செலவு கூட வராது, அதை மாற்றாமல் போர் அடித்துக் கொடுக்கிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

இரண்டாவது சந்தேகம் தண்ணீர். நன்றாகத் துப்பியது என்கிறீர்கள், எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். துப்புவது பம்பு உயிரோடு இருக்கிறது என்பதற்கு மட்டும் சாட்சி. சிலிண்டரைச் சுற்றியுள்ள வாய்க்காலில் பாதி உப்புக் கட்டி அடைத்திருந்தாலும் அது துப்பிக்கொண்டேதான் இருக்கும். ஹெட் மூடியையும் புகைப் பக்க மூடியையும் கழற்றி, மூங்கில் குச்சியால் சுரண்டி, வினிகர் ஊற்றி ஊறவைத்துக் கழுவுங்கள். இரும்புக் கம்பியால் குத்தினால் அலுமினியம் புண்ணாகும். தெர்மோஸ்டாட் (சூடு ஏறியதும் தண்ணீருக்கு வழி திறக்கும் வால்வு) இருந்தால் சட்டியில் தண்ணீரோடு போட்டுக் காய்ச்சிப் பாருங்கள், தண்ணீர் கொதிக்கும் முன்பே நன்றாகத் திறந்துவிட வேண்டும். தண்ணீர் பம்புக்குள் சுற்றும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரைப் பார்க்கவே வேண்டாம், புதுசு போடுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் போர். ஒரு சிலிண்டரை மட்டும் பெரிதாக்கியதைக் குற்றம் சொல்ல மாட்டேன், மேல் சிலிண்டர் அளவு சரியாக இருந்தால் அதைத் தொட வேண்டியதில்லை. ஆனால் அளந்து பார்த்தாரா என்பது கேள்வி. கண்ணால் பார்த்து, விரலால் தடவி, நல்லாத்தான் இருக்கு என்பது அளவு ஆகாது. மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில், ஒவ்வொரு இடத்திலும் குறுக்கும் நெடுக்கும் டயல் கேஜ் வைத்து அளக்க வேண்டும். வட்டம் எவ்வளவு கோணலாகலாம், மேலுக்கும் கீழுக்கும் எவ்வளவு வித்தியாசம் வரலாம் என்பது கையேட்டில் இருக்கும், எல்லாம் மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான்.

பிஸ்டனை முதலில் வாங்குங்கள், அப்புறம் லேத்துக்குப் போங்கள். 0.25, 0.50 மில்லி என்று பெரிய சைஸ் வரும். பெட்டியில் எழுதியிருக்கிறதை நம்பிப் போர் அடிக்கக் கூடாது, கையில் இருக்கிற பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து, கையேடு சொல்லும் இடைவெளியைக் கூட்டி, அந்த அளவுக்குத்தான் அடிக்க வேண்டும். அந்த இடைவெளி ஒரு தலைமுடியின் கனம் இருந்தால் அதிகம். ரிங்கைப் போருக்குள் தனியாக விட்டு அதன் வாய் இடைவெளியையும் (வெட்டிய இரு முனைகளுக்கு நடுவே உள்ளது) பாருங்கள், 56 மில்லி போருக்கு 0.2 மில்லி சுற்றுவட்டாரத்தில் வரும். வாய் முட்டிக்கொண்டு நிற்கிற ரிங், சூடானதும் நீள இடமில்லாமல் சிலிண்டரைக் கிழித்துவிடும்.

லேத்தில் இருந்து வந்த சிலிண்டரில் இரண்டு வேலை பாக்கி இருக்கும், பெரும்பாலும் இரண்டும் விடுபடும். ஒன்று, போர்ட் ஓட்டைகளின் விளிம்பு. டூ-ஸ்ட்ரோக் சிலிண்டர் சுவரில் ஜன்னல் வைத்த மாதிரி ஓட்டைகள் உண்டு, புதிதாக அடித்ததும் அதன் விளிம்பு பிளேடு போல் இருக்கும். ரிங் அந்த ஜன்னலைத் தாண்டும்போதெல்லாம் கொஞ்சம் வெளியே பிதுங்கும், விளிம்பு கூராக இருந்தால் மாட்டிக்கொண்டு உடையும். விரல் ஓட்டினால் வழுக்கிக்கொண்டு போகிற அளவுக்கு விளிம்பை மழுக்கிவிட வேண்டும். இன்னொன்று கழுவுவது. கடைந்த சுவரைத் தேய்த்துச் சீராக்கும் ஹோனிங் கல்லின் தூள், கண்ணுக்குத் தெரியாத மாவு, சுவரின் குறுக்குக் கோடுகளுக்குள் உட்கார்ந்திருக்கும். பெட்ரோல் ஊற்றிக் கழுவினால் அது போகாது, ஆயில் போய்விடும், தூள் அங்கேயே இருக்கும். சுடுதண்ணீரும் துணி சோப்பும் போட்டு, பிரஷ் வைத்துத் தேய்த்து, காய்ந்த உடனே ஆயில் தடவி, வெள்ளை வேட்டித் துணியால் துடையுங்கள். துணியில் சாம்பல் நிறம் ஏறினால் மறுபடி சோப்பு. நான் மூன்று தடவைக்குக் குறைந்து கழுவியதில்லை. வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர்கள் இந்த வேலையை நம்மைவிடச் சுத்தமாகச் செய்வார்கள், கேட்டுப் பாருங்கள்.

பூட்டும்போது: பிஸ்டன் தலையில் உள்ள குறி கையேடு சொல்கிற பக்கம் பார்க்க வேண்டும். ரிங் பள்ளத்தில் உள்ள சின்ன ஊசிக்கு நேராக ரிங் வாய் உட்கார வேண்டும். பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் சர்க்கிளிப் வளையம் கட்டாயம் புதுசு, பழையதை நிமிர்த்திப் போடுகிற பழக்கம் வேண்டாம். ஊசி பேரிங் உதிரியாக இருக்கிற மாடல் என்றால் எத்தனை ஊசி எடுத்தீர்களோ அத்தனையும் எண்ணி வையுங்கள். ஒரு தடவை நான் எண்ணாமல் போட்டு, ஒன்று குறைகிறது என்று மறுநாள் ஒர்க் ஷாப் தரையில் பார்த்த பிறகுதான் தெரிந்து, பூட்டிய எஞ்சினை ராத்திரியோடு ராத்திரியாக மறுபடியும் பிரித்திருக்கிறேன். அது கிராங்குக்குள் விழுந்திருந்தால் என்ன ஆகும் என்று நினைத்து வியர்த்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. (அது மேஜைக் காலடியில் கிடந்தது.) ஹெட் போல்ட்டை நடுவில் தொடங்கி வெளியே போகிற வரிசையில், இரண்டு சுற்றாக, டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள். கை கணக்கு எனக்கும் உண்டு, ஆனால் காலையில் ஒரு கணக்கு, சாயந்திரம் ஒரு கணக்கு.

கடைசியாக அந்த டிரம். ஒரு மணி நேரம் டிரம்மில் ஓடவிட்டதை ரன்னிங் என்று சொல்ல முடியாது. ரிங் சிலிண்டரோடு சேர்வதற்கு, எரியும் வாயுவின் அழுத்தம் ரிங்குக்குப் பின்னால் போய் அதைச் சுவரோடு தள்ள வேண்டும். பாரம் இல்லாமல் சும்மா ஓடினால் அந்த அழுத்தம் வராது, ஹோனிங் கோடுகள் மேல் ஆயில் வெந்து கண்ணாடி மாதிரி படிந்துவிடும், அப்புறம் ரிங் என்றைக்கும் ஒழுங்காக உட்காராது. டிரம் எதற்கு என்றால் கசிவு பார்க்க, தண்ணீர் துப்புகிறதா பார்க்க, டைமிங்கும் ஐடிலும் வைக்க. பத்து நிமிடம் போதும்.

கேள்வி: கையேட்டில் முதல் மணி நேரம் பாதிக்கு மேல் முறுக்காதே என்று போட்டிருக்கிறது. எங்கள் கரையில் அலையைத் தாண்ட முழுசாக முறுக்காமல் முடியுமா? கையேடு எழுதியவர் கடலைப் பார்த்திருக்கிறாரா? (மணப்பாடு வாசகர்)

பதில்: பார்த்திருப்பார், ஆனால் படகுத்துறையில் கட்டிப்போட்ட படகில் இருந்து பார்த்திருப்பார். நல்ல கேள்வி, இத்தனை வருஷத்தில் எஞ்சின் வாங்குகிறவர்களில் இரண்டு மூன்று பேர்தான் இதை என்னிடம் வாங்கும்போதே கேட்டிருக்கிறார்கள்.

முதலில் கணக்கு. பல டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு கையேடுகள் சொல்வது 10 மணி நேரம். முதல் 10 நிமிடம் முடிந்த அளவு மெதுவாக. அடுத்த 50 நிமிடம் பாதி முறுக்குக்கு மேல் போகாமல், ஒரே வேகத்தில் நிற்காமல் கூட்டிக் குறைத்து. இரண்டாவது மணி நேரம் முக்கால் வரை. மூன்றில் இருந்து பத்து மணி நேரம் வரை முழுசாக முறுக்கலாம், ஆனால் ஒரு தடவைக்கு 5 நிமிடத்துக்கு மேல் அப்படியே வைத்திருக்கக் கூடாது. கூட்டிக் குறைப்பதுதான் இதில் முக்கியம். கூட்டும்போது ரிங் அழுத்தி உரசும், குறைக்கும்போது சூடு இறங்கி ஆயில் படியும். கரையில் இருந்து வலை விடும் இடம் வரைக்கும் ஒரே முறுக்கில் கைப்பிடியைக் கட்டிவைத்துவிட்டுத் தூங்குகிற ஆசாமிகள் இந்தப் பத்து மணி நேரமாவது விழித்திருக்க வேண்டும்.

இப்போது நம் கரை. கரையில் படகைத் தள்ளி, எஞ்சினை இறக்கி, கயிற்றை இழுத்து, எஞ்சின் ஓடத் தொடங்கிய உடனே முழுசாக முறுக்கி அலை உடைகிற இடத்தைத் தாண்டுகிறோம். பிஸ்டன் அலுமினியம், சீக்கிரம் சூடாகி விரியும். அது ஓடுகிற சுவர் இரும்பு, மெதுவாகத்தான் விரியும், போதாததற்குக் கடல் தண்ணீர் அதைக் குளிரவைத்துக்கொண்டே இருக்கிறது. பழைய எஞ்சினில் இடைவெளி தேய்ந்து பெரிதாகியிருக்கும், தாங்கிவிடும். புதிதாகப் போர் அடித்த எஞ்சினில் அந்த முதல் ஒரு நிமிடத்திலேயே பிஸ்டன் விரிந்து சுவரைக் கவ்விவிடும். நாலு பக்கமும் கீறல் விழுந்த பிஸ்டன் என்று மேலே சொன்னேனே, அது பெரும்பாலும் இப்படி வந்ததுதான். அதுவும் அலை உடைகிற இடத்தில் எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்று மணப்பாட்டுக்காரருக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

ஆகவே புது எஞ்சினை அலைக் கரையில் வைத்துத் தொடங்காதீர்கள். பக்கத்தில் துறைமுகம் இருக்கிறவர்கள், முட்டம், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம், தூத்துக்குடி என்று எங்கே முடிகிறதோ அங்கே எஞ்சினைக் கொண்டுபோய், தெரிந்தவர் படகில் மாட்டி, முதல் இரண்டு மணி நேரத்தைத் துறைமுகத்துக்கு உள்ளேயும் வாயை ஒட்டியும் முடித்துவிடுங்கள். முடியாதவர்கள் இன்னொரு படகைக் கட்டி இழுக்கச் சொல்லி அலையைத் தாண்டிய பிறகு தொடங்குங்கள். எங்கள் பக்கத்தில் சில பேர் பழைய எஞ்சினைப் படகில் வைத்து வெளியே போய், நடுக்கடலில் மாற்றி மாட்டுவார்கள். அமைதியான நாளில் செய்திருக்கிறார்கள், எனக்கு அது பிடிக்காது, நாற்பது கிலோவுக்குக் கிட்ட கனத்தைத் தண்ணீருக்கு மேலே தொங்கவிடுகிற வேலை. கரையில் ஆள் குறைவு, துறைமுகமும் தூரம் என்றால் கடல் அடங்குகிற வரைக்கும் எஞ்சின் வீட்டில் இருக்கட்டும். ஆடி மாதத்தில் போர் அடித்துவிட்டு மறுநாளே தள்ளுவதுதான் வம்பு.

இன்னொரு விஷயம், கையேடு படகு வேகத்தில் மேலே எழும்பி, தண்ணீர் மேல் வழுக்கிப் பாய்வதைப் பற்றிப் பேசும். 9.9 எச்பி வைத்த நம் பைபர் படகு பாயாது, தண்ணீரைக் கிழித்துக்கொண்டேதான் போகும். பாதி முறுக்கு வைத்தாலும் வலை, ஐஸ், ஐந்து ஆள் என்று ஏற்றியிருந்தால் எஞ்சினுக்கு அது பாதி வேலை ஆகாது. அந்தப் பத்து மணி நேரமும் படகு காலியாகப் போகட்டும். இரண்டு ஆள், ஒரு தூண்டில், தண்ணீர் கேன். தொழில் போகிறதே என்பீர்கள். மூன்று நாள் தொழில் போகும், உண்மைதான். உவரிக்காரரைக் கேளுங்கள், அவருக்கு ஒரு சீசன் போயிருக்கிறது.

மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. பெட்ரோலில் தொடங்கி, நன்றாகச் சூடான பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாமல் ஈரமாகவே உள்ளே போய், புதுச் சுவரில் இருக்கிற கொஞ்ச நஞ்ச ஆயிலையும் கழுவிவிடும். நிறுத்தும் முன்பும் பெட்ரோலுக்கு மாற்றிக் கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்துங்கள். தொடங்குவதற்கு வைத்திருக்கிற அந்தச் சின்ன டேங்க் பெட்ரோலிலும் ஆயில் கலந்திருக்க வேண்டும். பெரிய கேனில் அளந்து அளந்து கலக்கிவிட்டு, சின்ன டேங்கில் பெட்ரோல் பங்கில் பிடித்த வெறும் பெட்ரோலை ஊற்றுகிறவர்களை நான் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். புது எஞ்சினின் முதல் பத்து நிமிடம் ஆயிலே இல்லாமல் ஓடுகிறது, அப்புறம் மெக்கானிக்கைத் திட்டுகிறோம்.

கேள்வி: ரன்னிங் நேரத்தில் ஆயில் எவ்வளவு கலக்க வேண்டும்? பைக்குக்கு ஊற்றும் டூ-டி ஆயில் போதுமா, விலை பாதிதான் ஆகிறது. (பாம்பன் வாசகர்)

பதில்: சாதாரணமாக 50-க்கு 1 என்று சொல்கிற எஞ்சின்களுக்கு ரன்னிங் நேரத்தில் பல கையேடுகள் 25-க்கு 1 கேட்கும். 20 லிட்டர் கேனுக்கு 400 மில்லிக்குப் பதில் 800 மில்லி. மண்ணெண்ணெய் மாடலுக்கு அளவு வேறாக இருக்கலாம், உங்கள் கையேட்டில் என்ன இருக்கிறதோ அதுதான். பத்து மணி நேரம் முடிந்ததும் பழைய அளவுக்கு வந்துவிடுங்கள். பாதுகாப்புக்கு என்று வருஷம் முழுக்க இரண்டு மடங்கு ஊற்றுவது நல்லதல்ல, கரி படியும், பிளக் நனையும், ரிங் பள்ளத்தில் ஒட்டிக்கொள்ளும், அதோடு ஆயில் கூடினால் அதே கலவையில் எரிபொருள் குறைகிறது என்பதையும் மறந்துவிடுகிறோம்.

பைக் ஆயில் வேண்டாம். அது காற்றில் குளிரும் எஞ்சினுக்குச் செய்தது, எரிந்தால் கொஞ்சம் சாம்பல் விடும். அவுட்போர்டு தண்ணீரில் குளிர்வது, அதற்குச் சாம்பல் விடாத ஆயில் வேண்டும். டப்பாவில் டிசி-டபிள்யூ3 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அவசரத்துக்கு ஒரு நாள் ஊற்றினால் எஞ்சின் செத்துவிடாது, அதைப் பழக்கமாக்காதீர்கள். பாதி விலையில் மிச்சம் பிடித்தது பிளக்கிலும் ரிங்கிலும் போய்விடும்.

கேள்வி: அண்ணை, பாவித்த 15 குதிரை எஞ்சின் ஒன்று வாங்க இருக்கிறேன். விற்கிறவர் புதிதாக ரிங் மாற்றியது என்கிறார். என்னத்தைப் பார்த்து வாங்குவது? (குருநகர், யாழ்ப்பாணம்)

பதில்: தம்பி, முதலில் பெயின்ட் எவ்வளவு புதுசு என்று பாருங்கள். புதுப் பெயின்ட் அடித்த எஞ்சினுக்கு நான் விலையைக் குறைத்துத்தான் கேட்பேன்.

அப்புறம் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று நசுங்கும் அழுத்தம். இரண்டு பிளக்கையும் கழற்றி, வயர்களை எஞ்சின் உடம்பில் தொடவைத்து, த்ராட்டிலை முழுசாகத் திறந்து, கேஜ் வைத்து ஐந்தாறு தடவை இழுங்கள். எவ்வளவு காட்டுகிறது என்பதைவிட இரண்டு சிலிண்டருக்கும் வித்தியாசம் என்ன என்பதுதான் விஷயம். பத்து சதவீதத்துக்கு மேல் போனால் யோசியுங்கள். ரிங் மாற்றியது உண்மையா என்று தெரிய ஹெட் போல்ட் தலைகளைப் பாருங்கள், ஸ்பேனர் தொட்ட அடையாளம் இல்லாமல் உப்புப் பூத்துக் கிடந்தால் உள்ளே ஒருவரும் போகவில்லை. உண்மையிலேயே மாற்றியிருந்தால், ரன்னிங் எப்படிச் செய்தீர்கள் என்று சும்மா பேச்சுவாக்கில் கேளுங்கள். அவர் முழிக்கிற முழியில் பதில் கிடைத்துவிடும்.

கீழே கியர் ஆயில் திருகைக் கழற்றிக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள், பால் மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. காற்றாடியை (புரொப்பெல்லரை) கழற்றினால் பின்னால் தங்கூசி (நைலான் தூண்டில் நரம்பு) சுற்றிக் கிடக்கும், அதுதான் அங்கே உள்ள சீலை அறுப்பது. இதற்காக எஞ்சினை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை, விலையைக் குறைக்கச் சொல்லலாம்.

கேள்வி: படகு கவிழ்ந்து எஞ்சின் முழுகிவிட்டது. மறுநாள்தான் எடுத்தோம். இனி போர் அடிக்காமல் முடியாதா? (குளச்சல் வாசகர்)

பதில்: ஆள் எல்லாம் நலமா? அதை எழுதவில்லையே.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே முழுகியிருந்தால் கயிற்றை வேகமாக இழுக்காதீர்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீர் நசுங்காது, கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம். பிளக்கைக் கழற்றி, ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், எங்கேயாவது தடுத்தால் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

நின்ற பிறகு முழுகியது என்றால் தண்ணீருக்குள் கிடந்த நேரத்தைவிட வெளியே எடுத்த பிறகு போகிற நேரம்தான் கெடுதல். உப்புத் தண்ணீர் பட்ட பேரிங்குக்குக் காற்றுப் பட்டதும் துரு தொடங்கிவிடும். உடனே நல்ல தண்ணீரால் உள்ளும் புறமும் கழுவி, பிளக் ஓட்டையைக் கீழே பார்க்க வைத்து வடித்து, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, சிலிண்டரில் ஆயில் ஊற்றிச் சுற்றி, அன்றைக்கே ஓடவிட வேண்டும். மெக்கானிக் வர நேரமாகும் என்றால் எஞ்சினை நல்ல தண்ணீர்த் தொட்டிக்குள்ளேயே மூழ்கப் போட்டு வையுங்கள், கேட்கப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும், ஆனால் காற்றுப் படாமல் இருப்பதுதான் நல்லது. உங்களுடையதை எடுத்து எத்தனை நாள் ஆனது என்று எழுதவில்லை. ஒரு வாரம் வெயிலில் கிடந்தது என்றால் போர் தப்பினாலும் கிராங்க் பேரிங் தப்பியிருக்காது.

கேள்வி: ஃபோர்-ஸ்ட்ரோக் அவுட்போர்டு புதிதாக வாங்கியிருக்கிறோம். அதற்கும் ரன்னிங் உண்டா? (ராமேஸ்வரம் வாசகர்)

பதில்: உண்டு. ஏறக்குறைய அதே 10 மணி நேரம், முதல் மணி நேரம் பாதி, இரண்டாவது முக்கால், அப்புறம் எட்டு மணி நேரம் முழு முறுக்கில் நீண்ட நேரம் வைக்காமல். பெட்ரோலில் ஆயில் கலக்கக் கூடாது, பழக்க தோஷத்தில் யாராவது கலக்கிவிடாமல் கேனில் பெயின்டால் எழுதி வையுங்கள். முதல் எஞ்சின் ஆயிலைச் சீக்கிரம் மாற்ற வேண்டும், 20 மணி நேரம் என்று பல கையேடுகள் சொல்லும். வடிக்கிற ஆயிலில் வெள்ளித் தூள் மாதிரி மினுங்கினால் பயப்படாதீர்கள், புது எஞ்சினில் முதல் தடவை அது வரும். துண்டு துண்டாக வந்தால் ஓட்டாமல் எஞ்சினோடு கடைக்குப் போங்கள்.

கேள்வி: அவுட்போர்டைக் கண்டுபிடித்தது யார்? (பள்ளி மாணவர், வேதாரண்யம்)

பதில்: ஒரே ஆள் என்று சொல்ல முடியாது. ஆனால் அதைப் பெரிய வியாபாரமாக்கியது நார்வேயில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஓலே எவின்ருட், 1909-ல். நம் கரைகளில் அதிகம் கண்ணில் படும் யமஹா 1960-ல் தான் தன் முதல் அவுட்போர்டை விற்றது. எவின்ருட் பெயரில் வந்துகொண்டிருந்த எஞ்சின்களின் தயாரிப்பு 2020-ல் நின்றுபோனது. உன் அப்பாவிடம் எஞ்சின் இருந்தால் கயிற்றை இழுத்துப் பழகு தம்பி, பிளக்கைக் கழற்றிவிட்டு இழு, லேசாக இருக்கும்.